பாசிகளின் அறிஞர்

விருந்து மேசைகளில் பல வண்ணங்களில் துண்டு துண்டாக வெட்டி வைக்கப்படும் அகார்-அகாரைச் சுவைக்காத மலேசிய மாணவர் அரியர். ‘அகார்-அகார்’ ஒரு மலாய்ச் சொல். இன்று உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை வளர்க்கப் பயன்படும் கூழுக்கும் அதே பெயர்தான். அது கடலில் வளரும் செம்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. மெர்கோங் மாணவர்களுக்குக் கோலக் கெடா கடற்கரை தொலைவில்லை. ஆயினும், பாசி என்றதும் பலருக்கும் வழுக்கி விழுவதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பாசிகளை ஆராய்வதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அறிவியல் உலகம் அவரைப் போற்றுகிறது.

பார்த்தசாரதி ஐயங்கார் 1886 டிசம்பர் 15ஆம் நாள் சென்னையில் பிறந்தார். மெரினா கடற்கரைக்கு எதிரே அமைந்துள்ள மாநிலக் கல்லூரியில் பயின்று 1906இல் இளங்கலைப் பட்டமும் 1909இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

கடலை ஆராய விரும்பும் மலேசிய மாணவருக்கு இன்று பாதை தெளிவாக உள்ளது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல் போன்ற பாடங்களில் நன்கு தேறி, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தால், திரங்கானுவில் உள்ள மலேசியா திரங்கானு பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியலையே பட்டப்படிப்பாகப் பயிலலாம். பிறகு மீன்வளத் துறையிலோ, பினாங்கின் பத்து மாவுங்கில் உள்ள மீன்வள ஆய்வுக் கழகத்திலோ பணி தேடலாம். லங்காவிக்குத் தெற்கே உள்ள பாயார் தீவு போன்ற கடல் பூங்காக்களுக்கும் இத்துறை அறிந்தவர்கள் தேவை. ஐயங்கார் இளைஞராக இருந்த காலத்தில் இத்தகைய நேர்வழி இல்லை. கிடைத்த பணிகளின் வழியாகவே அவர் தம் துறையை அடைய வேண்டியிருந்தது.

முதலில் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காப்பாளரானார். 1911இல் கோதாவரிக் கரையில் உள்ள ராஜமுந்திரிக்குச் சென்று, அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். ஆய்வாளராக விரும்பும் ஒருவருக்கு இது சுற்றுவழிதான். 1920இல் தாம் படித்த மாநிலக் கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார். சென்னை வட்டாரத்து நீர்நிலைகளில் வாழும் வால்வாக்ஸ் வகைப் பாசிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை அவ்வாண்டில் வெளிவந்தது. வால்வாக்ஸ், நீரில் உருண்டு உருண்டு செல்லும் பச்சைநிறக் கோளம். குண்டூசியின் தலையைவிடச் சிறியது. அதைக் காணக் கூர்மையான கண்ணும் நுண்ணோக்கியும் வேண்டும். பொறுமை அவற்றைவிட அதிகம் வேண்டும்.

குளத்துப் பாசிகளோடு அவர் நின்றுவிடவில்லை. பாம்பனுக்கு அருகே, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவு உள்ளது. பவளப்பாறைகளும் கடற்புற்களும் பாசிகளும் நிறைந்த அந்தச் சிறு தீவு, கடல் உயிரியலாளர்களின் திறந்தவெளிப் பள்ளி எனலாம். அப்பகுதிக் கடலோர மக்கள் பாசிகளைப் பெயர் சொல்லியே அறிவார்கள். கஞ்சி காய்ச்ச உதவுவது கஞ்சிப்பாசி; அகார் எடுக்க உதவும் மற்றொன்று மரிக்கொழுந்துப் பாசி. அத்தீவின் தாவரங்களைப் பற்றி ஐயங்கார் எழுதிய கட்டுரையைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் தன் வெளியீட்டில் சேர்த்தது. அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த அதே அருங்காட்சியகம் அது.

1930இல் அவர் எடுத்த முடிவு எளிதானதன்று. முதுகலை முடித்து 21 ஆண்டுகள் கடந்திருந்தன. வயதும் 43 ஆகியிருந்தது. மதிப்புமிக்க ஆசிரியர் பணியில் இருந்தவர், மீண்டும் மாணவராக லண்டனுக்குப் புறப்பட்டார். அங்கே குயின் மேரி கல்லூரியில், பாசியியலில் புகழ்பெற்ற பேராசிரியர் ஃபிரிட்ஷிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார்.

1932இல் ஐயங்கார் ஒரு புதிய பாசி இனத்தை உலகுக்கு அறிவித்தார். ஈரமண்ணில் வளரும் அதற்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளாமல், ஆசிரியரின் பெயரால் ‘ஃபிரிட்ஷியெல்லா’ என்று பெயரிட்டார். அதன் ஒரு பகுதி மண்ணுக்குள் படர்கிறது; மற்றொரு பகுதி மேல்நோக்கி வளர்கிறது. நீரில் வாழ்ந்த பாசிகளிலிருந்து நிலத்துத் தாவரங்கள் எவ்வாறு தோன்றியிருக்கக்கூடும் என்ற கேள்விக்கு அச்சிற்றுயிர் ஒரு தடயமாயிற்று. உலகத் தாவரவியல் நூல்கள் பலவற்றில் அது இன்றும் இடம்பெறுகிறது.

தாயகம் திரும்பிய ஐயங்கார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூட இயக்குநரானார். அங்கு அவரிடம் பயின்றவர்கள் பலர் பின்னர் பாசியியலில் பெயர் பெற்றனர். அவர்களுள் ஒருவரான டி.வி. தேசிகாச்சாரி, நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் எழுதிய பெருநூல் பல நாட்டு ஆய்வாளர்களுக்கும் துணைநூலானது. 1962இல் இந்தியப் பாசியியல் கழகம் தோன்றியபோது ஐயங்காரே அதன் முதல் தலைவரானார்.

1963 டிசம்பர் 10ஆம் நாள், தமது 77ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள்களுக்கு முன் அவர் காலமானார். வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றிய அவருடைய நீண்டகால ஆய்வு அப்போது நூல் வடிவம் பெற்றிருக்கவில்லை. 18 ஆண்டுகளுக்குப் பின், 1981இல், அந்நூல் புதுதில்லியில் வெளிவந்தது. அதன் அட்டையில் ஆசிரியர், மாணவர் இருவரின் பெயர்களும் இருந்தன: ஐயங்கார், தேசிகாச்சாரி.