எண்ணில் அடங்காததை அளந்த ஜார்ஜ் காண்டர்

கணித மேதை ஜார்ஜ் காண்டர் 1845-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ரஷ்யாவில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். 1856-ல் குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. மகன் என்ஜினீயராக வேண்டும் என்பது வணிகரான தந்தையின் ஆசை. மகனின் மனமோ கணக்கில் இருந்தது. தந்தை இசைந்தார். 1867-ல் பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்ற காண்டர், 1869-ல் ஹாலே நகரப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார்.

முடிவில்லாதவற்றில் பெரிது, சிறிது உண்டா? இதுவே அவர் எழுப்பிய கேள்வி.

ஜோடி சேர்க்கும் முறை

பஸ்ஸில் எல்லா இருக்கையிலும் ஆள் உண்டு, நிற்பவர் எவரும் இல்லை என்றால், எண்ணிப் பார்க்காமலே இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாம். இதே முறையைக் காண்டர் எண்களுக்குப் பொருத்தினார். 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6 என்று ஜோடி சேர்த்தால் எதுவும் மிஞ்சாது. ஆகவே முழு எண்கள் எத்தனையோ, இரட்டைப்படை எண்களும் அத்தனையே!

ஆனால் தசம எண்கள் இதற்கு அடங்கவில்லை. இதை அவர் 1874-ல் நிறுவினார். 1891-ல் மேலும் எளிய வழி காட்டினார். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தசம எண்கள் அனைத்தையும் வரிசையாக எழுதிவிட்டதாக ஒருவர் சொல்லட்டும். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம் என எடுத்து, 5 என்றால் 6 ஆகவும், மற்றவற்றை 5 ஆகவும் மாற்றி ஒரு புதிய எண் எழுதலாம். அது பட்டியலில் உள்ள எந்த எண்ணும் அல்ல. ஆகவே முடிவிலியிலும் பெரிது, சிறிது உண்டு!

ஆசிரியரின் எதிர்ப்பு

காண்டருக்குப் பாடம் சொன்ன பெர்லின் பேராசிரியர் குரோனெக்கர் இதை ஏற்கவில்லை. முழு எண்களிலிருந்து, முடிவுள்ள படிகளில் அமைத்துக் காட்ட முடியாதது கணிதமே ஆகாது என்பது அவர் கட்சி. காண்டர் விரும்பிய பெர்லின் பதவி கடைசிவரை கிட்டவில்லை. 1884-ல் அவருக்கு மனநோய் கண்டது. பின்னர் பலமுறை மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. எதிர்ப்பு மட்டுமே அதற்குக் காரணம் அல்ல என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து.

ஆயினும் காண்டர் ஓயவில்லை. 1890-ல் ஜெர்மன் கணிதச் சங்கம் உருவாக முன்நின்று, அதன் முதல் தலைவரானார். மறு ஆண்டுக் கூட்டத்தில் பேச குரோனெக்கரையே அழைத்தார். மனைவி விபத்துக்குள்ளானதால் அவரால் வர இயலவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் குரோனெக்கர் காலமானார்.

1899-ல் இளைய மகனைப் பறிகொடுத்தார் காண்டர். 1904-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் அளித்தது. முதல் உலகப் போரின் பஞ்ச நாட்களில், 1918 ஜனவரி 6-ந் தேதி ஹாலே மனநல மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

முழு எண்களின் முடிவிலிக்கும் தசம எண்களின் முடிவிலிக்கும் இடையே வேறொன்று உண்டா என்ற கேள்வி அவரை இறுதிவரை வாட்டியது. வழக்கில் உள்ள கணித விதிகளைக் கொண்டு அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பது 1963-ல் தெளிவாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் இன்று படிக்கும் கணங்கள் பாடம், அன்று மறுக்கப்பட்ட அந்தச் சிந்தனையில் வேர் கொண்டதே.