நிறம் மாறாத சோதனைக் குழாய்!

வைட்டமின் மாத்திரையை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் உணவில் அப்படி ஒன்று இருக்கிறது என்று காட்டியவர்களில் ஒருவரான ஹாப்கின்ஸைத் தெரியுமா?

1861 ஜூன் 20-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். 17 வயதில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. டாக்டர் படிப்பில் சேர்ந்தபோது வயது 27! 1898-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார்.

அங்கே வகுப்பில் ஒரு புரதச் சோதனை. புரதத்தோடு அசிட்டிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்தால் ஊதா நிறம் வரணும். வரலை! வேறொருவராக இருந்தால் கழுவி ஊற்றியிருப்பார். ஹாப்கின்ஸ் விடலை. சிட்னி கோல் என்பவரோடு சேர்ந்து காரணம் தேடினார். நிறத்துக்குக் காரணம் அசிட்டிக் அமிலம் இல்லையாம், அதில் கலந்திருக்கும் கிளையாக்சிலிக் அமிலமாம்! சுத்தமான அமிலத்தில் அது இல்லாததால்தான் நிறம் வரலை.

சரி, புரதத்தில் எந்தப் பகுதி நிறம் தருது? தேடியபோது 1901-ல் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் கிடைத்தது. 1903-ல் இன்னொன்றும் காட்டினார்கள். பாக்டீரியா டிரிப்டோபனைச் சிதைத்து இண்டோல் என்ற பொருளை உண்டாக்குகிறது. (மலத்தின் நாற்றத்தில் இதற்கும் பங்கு உண்டு. மூக்கைப் பொத்தாதீங்க!)

1912-ல் எலிக்குட்டிகள் பற்றிய கட்டுரை வந்தது. சுத்தமான புரதம், மாவு, கொழுப்பு, உப்புகள் மட்டும் கொடுத்தால் அவை வளரலை. தினமும் கொஞ்சம் பால் சேர்த்ததும் வளர்ந்தன. பாலில் ஏதோ இருக்கு! அதைத்தான் பிறகு வைட்டமின் என்றார்கள். 1929-ல் ஐக்மானோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1947 மே 16-ல் ஹாப்கின்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். ஈ. கோலி பாக்டீரியாவில் டிரிப்டோபனைச் சிதைக்கும் நொதியின் பெயர் டிரிப்டோபனேஸ். அது தனியாக வேலை செய்யாது. வைட்டமின் பி6-லிருந்து உண்டாகும் பிரிடாக்சல் பாஸ்பேட் கூட இருக்கணும். அது டிரிப்டோபனைக் கொக்கி போலப் பிடித்து, எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து, பிணைப்பு அறுபட வழி செய்கிறது. இண்டோல், பைருவிக் அமிலம், அம்மோனியா என மூன்றாகப் பிரிகிறது.

பார்த்தீங்களா! டிரிப்டோபன் ஒரு பாதை, வைட்டமின் ஒரு பாதை என்று அவர் நடந்த இரண்டும் ஒரே நொதியில் வந்து சேர்ந்துவிட்டன. இன்றும் ஆய்வகங்களில் ஈ. கோலியை அடையாளம் காண இண்டோல் சோதனை செய்கிறார்கள். இண்டோல் இருந்தால் சிவப்பு வளையம் தெரியும்.

சோதனை பலிக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள் நண்பர்களே. ஏன் என்று கேளுங்கள்!