பதினாறு வயதின் மௌனம்

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒருவர் சென்ற மாதம் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். அவனுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவன், இப்போது புத்தகத்தைத் தொடுவதில்லை, எவருடனும் பேசுவதுமில்லை. இவன் தேறுவானா என்று தந்தை கேட்டார். மகன் தரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தான்.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். வகுப்பில் வாய் திறவாத மாணவர்களைத் தேறாதவர்கள் என்று மனத்துக்குள் கணக்கு முடித்ததும் உண்டு. அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அவர்கள் சென்றபின் மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்தபோது, அதே வயதில் இவ்வூருக்கு வந்த வேறொரு சிறுவன் நினைவுக்கு வந்தான்.

பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் அறிந்த வேங்கடராமன், 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். 12 வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் பிரிந்தது, அவரும் அண்ணனும் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தனர். பந்தாட்டத்தில் ஆர்வம் மிக்க சாதாரண மாணவர் அவர். 1896 ஜூலையில் திடீரென எழுந்த மரண பயம் அவரை மாற்றிவிட்டது. படிப்பிலும் நட்பிலும் பற்று அற்றுப்போனது, அண்ணன் கண்டித்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வெளியேறிய அவர், செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார்.

ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கத்திலும் உடலை மறந்து அமர்ந்திருந்தவரைச் சிறுவர்கள் கல்லால் எறிந்தனர். அவரைக் காத்தவர்களுள் சேஷாத்ரி சுவாமிகள் முதன்மையானவர். பின்னர், மலையாளியான பழனிசாமி பல ஆண்டுகள் உடனிருந்து உணவளித்தார். 1898-இல் தாய் அழகம்மாள் தேடி வந்து கண்ணீருடன் மன்றாடியும் மகன் வாய் திறக்கவில்லை. எழுத்தில் தந்த பதிலும் மறுப்பாகவே இருந்தது. அன்றைய நிலையை மட்டும் பார்த்தவர் எவரும், உறவுகளின் உலகிலிருந்து முற்றிலும் விலகிய இளைஞர் என்றே தீர்ப்பெழுதியிருப்பர்.

ஆனால், வாழ்க்கை அந்தத் தீர்ப்பை மெல்ல மெல்லத் திருத்தியது. பழனிசாமிக்குத் தமிழ் நூல்களைப் படிப்பது கடினமாக இருந்தது. அவருக்காகத் தாமே படித்துப் பொருள் சொல்லத் தொடங்கினார் ரமணர். 1914-இல் அவரைப் பார்க்க வந்த தாய் கடும் காய்ச்சலில் விழுந்தபோது, அருகிலிருந்து கவனித்தார். 1916-இல் தாய் மலையிலேயே வந்து தங்கினார். பிறகு தம்பியும் வந்தார். 1922 மே 19 அன்று, தாயின் இறுதி நேரம் முழுவதும் நெஞ்சில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்தபடி உடனிருந்தார். தாயின் சமாதியைச் சுற்றியே இன்றைய ரமணாசிரமம் எழுந்தது. ஒரு காலத்தில் தாயின் அழுகைக்கும் அசையாத மகன், அந்தத் தாய்க்கு அருகிலேயே தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

நடுவயதில் விடியுமுன் எழுந்து சமையலறையில் காய் நறுக்கினார். பந்தியில் பிறருக்கு இல்லாத எதையும் தமக்கு ஏற்கவில்லை. இடக்கையில் புற்றுநோய்க் கட்டிக்காக நான்கு அறுவைச் சிகிச்சைகள் நடந்த பின்னும், காண வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

மனித வளர்ச்சி இளமையுடன் முடிவதில்லை, முதுமை வரை எட்டுக் கட்டங்களில் தொடர்கிறது என்று விளக்கிய எரிக் எரிக்சனின் புகழ்பெற்ற நூலும் அதே 1950-இல்தான் வெளிவந்தது. இளமையில் தன்னைத் தேடல், நடுவயதில் பிறரைப் பேணல், முதுமையில் வாழ்வை நிறைவுடன் ஏற்றல் என்பது அவர் காட்டிய வரிசை. அதை விளக்க எங்கள் ஊரிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது.

வீட்டை விட்டு வெளியேறும் சிறுவர் எல்லாரும் ரமணர் ஆவதில்லை. அவரது மௌனத்தை ஆன்மிகம் என்றும் நம் பிள்ளைகளின் மௌனத்தை ஞானம் என்றும் கொள்வது ஆபத்து. நான் சொல்ல வருவது வேறு. அவரைச் சுற்றி எப்போதும் யாரோ ஒருவர் சோறும் காவலுமாக இருந்தார். மறுக்கப்பட்ட பின்னும் தாய் திரும்பி வந்தார். இந்த உழைப்பு தேசிய வருமானக் கணக்கில் ஏறுவதில்லை. என் தாயாரின் கடைசி ஆண்டுகளில் நான் மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்பினேன், அருகில் இருக்கவில்லை. அந்தக் கணக்கு இன்றுவரை எனக்கு நேராகவில்லை.

மறுநாள் அந்தத் தந்தையைச் சந்தித்தேன். தேறுவானா என்று கேட்பதை நிறுத்துங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள், தயக்கமிருந்தால் 14416 என்ற அரசின் இலவச உதவி எண்ணை முதலில் அழையுங்கள் என்றேன். மாலை நடைக்கு மகனை என்னுடன் அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். இப்போது தினமும் வருகிறான். இன்னும் அதிகம் பேசவில்லை. நானும் கேள்வி கேட்பதில்லை, உடன் நடக்கிறேன்.