மணலியில் வில்லெடுத்தவர்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

மணலி என்றதும் நம்மில் பலருக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், உரத் தொழிற்சாலையும், இரவில் எரியும் புகைபோக்கிச் சுடருமே நினைவுக்கு வரும். நேற்றுவரை நம் திருவள்ளூர் மாவட்டத்தோடு இருந்து, பின்னர்ச் சென்னையோடு சேர்ந்த ஊர் அது. நம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைப் போலவே ஷிப்டு மணிக்கு எழுந்து ஷிப்டு மணிக்கு உறங்கும் ஊர். ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அந்த மணலியில் வாழ்ந்த ஓர் இளைஞர் கையில் எடுத்த ஒரு கருவி, தென்னாட்டு இசையரங்கின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. அவர் பெயர் பாலுசுவாமி தீட்சிதர். அவர் எடுத்த கருவி பிடில் என்று நம் முன்னோர் அழைத்த வயலின்.

சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரை அறியாதார் இலர். அவருடைய கடைசித் தம்பியே பாலுசுவாமி. மலையின் நிழலில் நிற்கும் மரம் எத்தனை உயரமாயினும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அண்ணன் புகழின் நிழலில் தம்பியும் அப்படியே நின்றுவிட்டார். நான் இசைக் கல்லூரி மாணவன் அல்லேன். நம் கல்லூரி விழாக்களிலும், சிப்காட் தொழிற்சாலைகளின் ஆயுதபூசை மெல்லிசை மேடைகளிலும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஓர் எளிய மாணவன். அயல்நாட்டுக் கருவியைக் கற்பது எப்படி, பயில்வது எப்படி, இசையைத் தாளில் படிப்பதால் ஆவது என்ன என்ற கேள்விகள் எனக்குள் எழுந்தபோது, விடை சொல்லக்கூடிய வாழ்க்கை நம் வட்டாரத்திலேயே இருந்ததைக் கண்டேன். அதை மாணவத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இசைக்குடி

பாலுசுவாமி 1786ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதர், அம்சத்வனி இராகத்தை உலகுக்கு அளித்த பெருமைக்குரியவர். தாய் சுப்பம்மாள். மூத்தவர் முத்துசுவாமி, அடுத்தவர் சின்னசுவாமி, மூன்றாமவர் நம் பாலுசுவாமி. பாலாம்பாள் என்ற சகோதரியும் உண்டு. திருவாரூரில் தியாகராசப் பெருமான் சந்நிதியில் வளர்ந்த குடும்பம் இது.

இக்குடும்பத்தை மணலிக்கு அழைத்தவர் முத்துக்கிருஷ்ண முதலியார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் போற்றிய வள்ளல் என்று தமிழ் இலக்கிய மாணவர்கள் அவரை அறிவர். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என்று ஊரார் அழைத்தவர், இசைக்குடும்பத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார். அவர் ஆங்கிலக் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இருமொழியாளன். நம் மக்களுக்கும் வெள்ளையர்க்கும் நடுவே சொல்லைக் கடத்தியவர் அவர். அவர் வீட்டில் வளர்ந்த பாலுசுவாமியோ இசைக்குத் துபாஷியானார்.

கோட்டையில் கேட்ட இசை

மணலியிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டை அதிகத் தொலைவில்லை. சின்னையா முதலியார் சகோதரர்களை அங்கே அழைத்துச் சென்று வெள்ளையரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கச் செய்தார். ஒருவர் முன்னே பாட, மற்றவர் தொடர்வது நம் முறை. அங்கோ பலர் ஒருங்கே வெவ்வேறு சுரங்களை ஒலிக்க, அத்தனையும் ஒரே இசையாகக் கலந்து வந்தது. ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியைத் தாளில் எழுதிவைத்துப் படித்து வாசிப்பது அவர்கள் வழக்கம்.

அந்தக் கேள்வி ஞானத்தின் பயன் இரண்டு வகையில் விளைந்தது. அண்ணன் முத்துசுவாமி, கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் பாட்டு எழுதினார். நோட்டுசுர சாகித்தியங்கள் என்று அவற்றைச் சொல்வர். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் கிடைத்துள்ளன. ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டிலேயே சந்ததம் பாஹிமாம் என்ற பாட்டு அமைந்திருப்பது வியப்பன்றோ! இவை சங்கராபரணத்தில் அமைந்ததற்குக் காரணமும் எளிது. மேலை நாட்டார் மேஜர் என்று கூறும் சுர வரிசையும், நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் ஒன்றே. கமகம் என்னும் அசைவு மட்டும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் இசைப்பயிற்சியின் தொடக்கத்தில் இவற்றைப் பாடி மகிழ்கின்றனர்.

அண்ணன் மெட்டை எடுத்துக்கொண்டார். தம்பியோ கருவியையே எடுத்துக்கொண்டார்.

மூன்றாண்டுப் பயிற்சி

பாலுசுவாமிக்குப் பிடில் கற்பிக்க ஓர் ஐரோப்பிய ஆசிரியரை ஏற்பாடு செய்தவரும் சின்னையா முதலியாரே. மூன்று ஆண்டுகள் அவரிடம் பயின்றார் என்று இசை வரலாறு கூறும். இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பாலுசுவாமி இசை அறியாதவர் அல்லர். அம்சத்வனி கண்ட தந்தையின் மடியில் சுரம் கற்றவர். இசை தெரிந்தவனுக்குக் கருவி தானே வரும் என்று அவர் எண்ணவில்லை. வில்லைப் பிடிப்பது, தந்தியில் விரல் பதிப்பது, ஓசை கீறாமல் இழுப்பது ஆகியவற்றை அடியிலிருந்து, அந்தக் கருவிக்கு உரியவரிடமே கற்றார்.

கற்ற பின்னர்தான் அந்தக் கருவியை நம் இசைக்குப் பழக்கினார். அந்நாளில் பாடுவோர்க்குத் துணையாக நின்ற நரம்புக் கருவி வீணை. வீணையில் மீட்டிய ஓசை சிறிது நேரத்தில் தேய்ந்து அடங்கும். வில்லால் இழுக்கும் ஓசையோ பாடகரின் மூச்சைப் போல நீண்டு நிற்கும். பிடிலில் மெட்டுக் கட்டைகள் இல்லை. ஆகையால் விரல் வழுக்கி, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்ல முடியும். மேலை நாட்டார் கண்டுபிடித்த கருவி, கமகத்துக்கென்றே பிறந்தது போல அமைந்துவிட்டது.

அவருக்குப் பின் வந்தோர் அதை மேலும் நம்முடையதாக்கினர். மேலை நாட்டார் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ மோவாயில் இடுக்கி வாசிப்பர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் தலையை வலக்காலின் மீது ஊன்றி வாசிப்பர். இதனால் இடக்கை விடுதலை பெற்றுத் தந்தியின் நெடுகிலும் ஓடுகிறது. சுருதி சேர்ப்பதும் மாறியது. ஜி, டி, ஏ, இ என்று நிறுத்தும் நான்கு தந்திகளை நாம் ச, ப, ச, ப என்று நிறுத்துகிறோம். தஞ்சை நால்வருள் ஒருவரும் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவருமான வடிவேலு, இக்கருவியைத் திருவிதாங்கூர் அவையில் ஒலிக்கச் செய்தார். சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் தந்தத்தாலான வயலினை அவருக்குப் பரிசளித்தார். ஒரு தலைமுறைக்குள் அயலான் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான்.

நான்கு தந்திகள்

இங்கே என் கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மின்சார பேஸ் கிட்டார் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் நான்கு தந்திகள். தாழ்ந்த தந்தியிலிருந்து எண்ணினால் இ, ஏ, டி, ஜி. வயலினின் ஜி, டி, ஏ, இ என்பதைத் தலைகீழாக்கினால் பேஸ் கிட்டார்! வயலினில் ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் இடையே ச-ப தொலைவு. பேஸ் கிட்டாரில் ச-ம தொலைவு. பாலுசுவாமி மூன்றாண்டு விரல் பதித்த அதே நான்கு சுரப்பெயர்கள்தாம் என் கையிலும் இருக்கின்றன என்று எண்ணும்போது எனக்கு ஓர் உரிமை பிறக்கிறது.

பாடலின் அடித்தளத்தைத் தாங்குவது பேஸ் கிட்டார். மேடையில் தாளக் கருவிக்குப் பக்கத்தில் நிற்கும் எங்களை எவரும் பார்ப்பதில்லை. நாங்கள் நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைந்துவிட்டது என்று அவை உணரும். பயிற்சியும் அதற்கேற்றதே. நான் நாள்தோறும் சரளி வரிசையை முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வாசிக்கிறேன். வலக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறித் தந்தியை மீட்ட வேண்டும். முதற்காலத்தில் சீராக வராதது மூன்றாம் காலத்தில் ஒருநாளும் வராது. விரைவு தானே வரும். சீர்மையைத்தான் தேடிப் பெற வேண்டும்.

இசையைப் படிக்கவும் கற்று வருகிறேன். தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் கற்றுத் தருகிறார். ஐந்து கோடுகள், கீழிருந்து ஜி, பி, டி, எஃப், ஏ. தொடக்கத்தில் ஒரு வளைந்த குறி. அதன் இரு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு எஃப். தாளில் எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி தாழ்ந்தே எங்கள் கருவி ஒலிக்கும். முழு, அரை, கால் என்று காலக்கணக்கும் வாய்ப்பாடு போலத்தான். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் இந்த எழுத்தைக் கற்ற இளையராஜா, 1976இல் அன்னக்கிளி படத்தில் தொடங்கி, ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தாளில் எழுதித் தந்தே பாடல்களை உருவாக்கினார். அத்தகைய இசைக்கூடத்தில் தாளைப் படிக்கத் தெரியாதவனுக்கு இடமில்லை. நம்மைப் போன்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு இது பிழைப்பைத் திறக்கும் சாவி.

எங்கள் தெருப் பெரியவர்களில் சிலர், இது நம் வாத்தியமா என்று கேட்பதுண்டு. எழுதிப் படித்தால் இசையின் உயிர் போய்விடும் என்று சொல்வோரும் உண்டு. முதற்கேள்விக்குப் பாலுசுவாமியின் வில்லே விடை. இரண்டாவதற்கு விடை எட்டயபுரத்தில் இருக்கிறது.

எட்டயபுரம்

1817இல் தந்தையார் மறைந்தார். பின்னர்ச் சின்னசுவாமியும் பாலுசுவாமியும் தென்பாண்டி நாடு சென்றனர். 1823இல் சின்னசுவாமி காலமானார். துணையிழந்த பாலுசுவாமியை எட்டயபுரம் மன்னர் ஆதரித்து, 1824இல் அவைக்களப் புலவராக்கினார். தம்பியின் செய்தி அறிந்த முத்துசுவாமி அவரைத் தேடி நடந்தார் என்றும், வழியில் வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு மனம் இரங்கி அமிர்தவர்ஷினி இராகத்தில் பாட, மழை பொழிந்தது என்றும் செவிவழிச் செய்தி உண்டு. மழையின் உண்மை எப்படியாயினும், தம்பியைத் தேடிய அண்ணனின் அன்பு உண்மை. 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவர் நினைவிடம் இன்றும் அங்கே இருக்கிறது.

பாலுசுவாமி அதன்பின் இருபதாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அண்ணனின் கீர்த்தனைகள் அவர் நெஞ்சில் இருந்தன. அவை ஏட்டில் இருந்ததைவிடக் காதிலும் கையிலும் இருந்தவை. 1839இல் பிறந்த தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனையே மகனாகத் தத்தெடுத்து, அக்கருவூலத்தை அவருக்குக் கற்பித்தார். 1858இல் பாலுசுவாமி மறைந்தபோது அந்த இளைஞருக்கு வயது 19. இரண்டு தலைமுறையின் இசை ஒரே மனிதரின் நினைவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காய்ச்சல் வந்திருந்தால் எத்தனை இராகங்கள் அவரோடு போயிருக்கும்!

எழுதிவைத்த மகன்

அந்த நிலையை மாற்றியவருள் ஒருவர் சின்னசுவாமி முதலியார். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய கிறித்தவப் பெரியார். நம் கீர்த்தனைகளை மேலைநாட்டு ஐந்து கோட்டு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 1890களில் தம் பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டார். சுப்பராம தீட்சிதரிடமிருந்து பாடல்களைப் பெற்று எழுதினார். அந்தத் தொடர்பே சுப்பராமரின் பெருநூலுக்கு வித்தாயிற்று. 1904இல் எட்டயபுரத்தில் அச்சேறிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு காத்துத் தந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனி அடையாளம் இட்டு, கமகத்தையும் எழுத முடியும் என்று அவர் காட்டினார். தெலுங்கு எழுத்தில் வந்த அந்நூலைச் சென்னை மியூசிக் அகாதெமி 1961 தொடங்கித் தமிழ் எழுத்தில் ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. 1906இல் சுப்பராமர் மறைந்தபோது, எட்டயபுரம் தந்த பாரதியார் இரங்கற்பா பாடினார்.

எழுதியதால் இசையின் உயிர் போகவில்லை, எழுதியதால்தான் நின்றது. ஆயினும் எழுத்து மட்டும் போதாது. பாலுசுவாமி வாயால் கற்பித்ததை மகன் கையால் எழுதினார். செவியும் எழுத்தும் இரு கண்கள். ஒன்றை மூடிக்கொண்டு நடக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நமக்குரிய கடமை

தோழர்களே, பாலுசுவாமி தீட்சிதர் தம் பெயரை நாட்டப் பாடுபட்டவர் அல்லர். பாடுவோர்க்குத் துணைநிற்கும் கருவியைத் தந்தார், அண்ணனின் பாட்டைச் சுமந்தார், மகனிடம் ஒப்படைத்தார். துணைநிற்பதும் ஒரு பெருமை என்பதை அவர் வாழ்வு சொல்கிறது.

நம் மாவட்டத்தில் இன்னும் எழுதப்படாத இசை எவ்வளவோ உண்டு. பழவேற்காட்டு மீனவரின் படகுப் பாட்டும், இருளர் குடியிருப்புகளின் பாட்டும், ஏரிப் பாசன வயல்களின் நடவுப் பாட்டும் பாட்டிகளின் நாவில் இருக்கின்றன. டிராக்டர் வந்தபின் நடவுப் பாட்டுக்கு வேலையில்லை. படகில் என்ஜின் வந்தபின் துடுப்புப் பாட்டுக்கும் வேலையில்லை. கைப்பேசியில் பதிவுசெய்வது நல்லதே. அத்தோடு சுரமும் தாளமும் பிரித்து எழுதினால், நாளை வேறொருவர் அதைப் படித்துப் பாட முடியும். வரும் விடுமுறையில் பழவேற்காட்டுக்குச் சென்று ஒரு பாட்டையேனும் எழுதிவர நாங்கள் சிலர் முடிவு செய்துள்ளோம். சுரம் அறிந்தோரும், தமிழறிந்தோரும், பாட்டி உள்ளோரும் எங்களோடு வரலாம்.