நீரின் வயதைக் கண்டவர்

கிணற்றில் ஊறும் ஜலம் சென்ற ஐப்பசியில் பெய்த மழையா, அன்றிப் பல தலைமுறைக்கு முந்திய மழையா என்று கேட்பது வீண் விசாரமன்று. புதிய நீராயின் இறைத்ததை மழை ஈடு செய்யும். பழைய நீராயின் நாம் வட்டியை விட்டு முதலையே தின்கிறோம். இதை அறியும் வழியை வகுத்தவர்களில் முதன்மையானவர் காலஞ்சென்ற டாக்டர் வில்லார்டு லிப்பி.

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் ஒரு குடியானவர் குடும்பத்தில் 1908-ம் வருஷம் பிறந்த லிப்பி, கலிபோர்னியா சர்வகலாசாலையில் ரசாயனம் பயின்று 1933-ல் டாக்டர் பட்டம் பெற்றார். யுத்த காலத்தில் அணுகுண்டுக்கான யுரேனியத்தைப் பிரிக்கும் ஆராய்ச்சியில் உழைத்தார். பின்னர் சிக்காகோவில், கதிரியக்கக் கார்பனைக் கொண்டு புராதனப் பொருள்களின் வயதைக் கணிக்கும் முறையை நிறுவினார். 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது அதற்கே. அம்முறையை நிலத்தடி நீருக்கு 1957-ல் பிரயோகித்தவர் ஜெர்மானியரான மூன்னிக்.

ஆயினும் நாம் இங்கு முக்கியமாகக் கருதுவது டிரிட்டியம் பற்றிய லிப்பியின் ஆராய்ச்சியையே. விண்கதிர்கள் ஆகாயத்தின் மேல்மட்டத்தில் மோதுவதால் பிறக்கும் கனத்த ஹைட்ரஜன் அது. மழையோடு மழையாக இறங்குகிறது. பூமிக்குள் புகுந்த நீருக்குப் புது வரவு கிடையாது. உள்ளது சுமார் 12 வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் வயது விளங்கும். பத்தாயிரம் கோடி கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒரு சிலவே டிரிட்டியம் என்றால், அளப்பதன் அருமை சொல்லாமலே விளங்கும். லிப்பியும் சகாக்களும் இம்முறையைப் பழைய திராட்சை மதுவில் சோதித்தனர். மதுவிலும் பெரும்பகுதி ஜலந்தானே! அது விளைந்த ஆண்டும் புட்டியிலேயே குறித்திருக்கும்.

1954-ல் அவர் அமெரிக்க அணுசக்திக் கமிஷனில் அங்கத்தினரானார். அவ்வருஷமே பஸிபிக் சமுத்திரத்தில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகள் ஆகாயத்தில் டிரிட்டியத்தைக் கொட்டின. இயற்கையின் கணக்கு கலைந்தது. லிப்பியோ, 1959-ல் பதவி விலகும் வரை, சோதனைகளால் நேரும் அபாயம் அற்பமானது என்றே வாதாடினார். கடிகாரத்தைக் கண்டுபிடித்தவரே அதை உடைத்தவர்களுக்காகப் பரிந்து பேசியதை நாம் எளிதில் மன்னிப்பதற்கில்லை.

1963-ல் வடகோளத்து மழையில் டிரிட்டியம் இயற்கை அளவைப்போல் பன்னூறு மடங்கு உயர்ந்தது. அவ்வருஷமே அமெரிக்காவும் ருஷியாவும் பிரிட்டனும் ஆகாயச் சோதனைகளைக் கைவிட உடன்படிக்கை செய்துகொண்டன. விபரீதத்திலும் ஒரு லாபம்: மிகுந்த டிரிட்டியம் காணப்படும் கிணற்று நீர் குண்டுகளுக்குப் பிந்திய மழையே என்று நிச்சயிக்க முடிந்தது.

லிப்பி 1980-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார். 1963-ம் வருஷத்து மழையில் இருந்த டிரிட்டியத்தில் இன்று நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கே மிஞ்சியுள்ளது. புதிதாகப் பெய்யும் மழையும் ஏறக்குறையப் பழைய இயற்கை நிலைக்குத் திரும்பிவிட்டது.