இருட்டைத் தேடிப் போன வைணு பாப்பு

ராத்திரி பத்து மணிக்குக் கடம்பத்தூர்ல ஒரு மொட்டை மாடியில நின்னு கிழக்கே பாருங்க. திருவள்ளூர், காக்களூர் தொழிற்பேட்டை, அதுக்கும் அந்தப் பக்கம் சென்னை. எல்லா வெளிச்சமும் சேர்ந்து வானத்தோட அடிப்பகுதியே வெளுத்துப் போயிருக்கும். இப்போ மேற்கே திரும்புங்க. நம்ம ஊர் ரயில் பாதை அரக்கோணம், காட்பாடி தாண்டி வாணியம்பாடிக்குப் போகுது. அங்கே இறங்கி ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறினா காவலூர். அந்த மலையை வானியலுக்காகத் தேர்ந்தெடுத்தவரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். அதனால் சின்ன வயசிலேயே டெலஸ்கோப் பழகிடுச்சு. மேற்படிப்புக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு போனார். 1949 ஜூலையில் வானத்தைப் படம் எடுத்த ஒரு தட்டில் புது வால்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். பாப்பு-போக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயர். அப்போ அவருக்கு வயசு 21. ஆமாம், நம்ம ஃபைனல் இயர் வயசுதான்! 1957-ல் ஆலின் வில்சனோடு சேர்ந்து, ஒரு விண்மீனின் நிறமாலையில் உள்ள கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்தே அதன் உண்மையான ஒளிர்வைக் கணிக்கும் வழியை வெளியிட்டார். வில்சன்-பாப்பு விளைவு என்று இன்றும் பாடத்தில் வருவது அதுதான்.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார். சூரியனை ஆராய அது அருமையான இடம். ஆனா விண்மீன் பார்க்க மேகமில்லாத ராத்திரி வேணும், சுத்தி நகர வெளிச்சம் இருக்கக் கூடாது. பாப்பு வேற இடம் தேடினார். காவலூர் கிடைச்சது. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. டெலஸ்கோப் அங்கே 1968-ல் வேலையை ஆரம்பித்தது. 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977-ல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றியிருக்கும் வளையங்களின் தடயம் இந்த டெலஸ்கோப்பிலும் பதிவானது.

டெலஸ்கோப் இருந்தா போதாதா, இருட்டு எதுக்கு இவ்வளவு முக்கியம்? நம்ம கையில இருக்கிற சின்ன நியூட்டோனியன்ல இதை நீங்களே பார்க்கலாம். பகல்ல ஐபீஸைக் கழட்டிட்டு, டியூபை ஒரு வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி (சூரியன் பக்கம் வேண்டவே வேண்டாம்), ஃபோகஸர் வழியா வெறும் கண்ணால உள்ளே பாருங்க. செகண்டரி மிரருக்கு வெளியே எது பளபளக்குதோ, அதுதான் எதிரி. தெருவிளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் நுழைஞ்சு, அந்த இடத்தில் பட்டுத் தெறிச்சு, உங்க கண்ணுக்கு வருது. விண்மீனின் ஒளி குறையல. பின்னணி சாம்பல் நிறமாகுது, மங்கலான நெபுலா அதில் மூழ்கிடுது.

மருந்து மலிவுதான். கறுப்பு பெயிண்ட் அடிச்சா மட்டும் போதாது. நேரா பார்த்தா கறுப்பா இருக்கிற பரப்பு, சாய்வா வர்ற வெளிச்சத்துக்குக் கண்ணாடி மாதிரி ஆயிடும். அதனால பளபளப்பில்லாத பெயிண்ட்ல மரத்தூள் கலந்து சொரசொரப்பா அடிங்க. இல்லைன்னா ஃபோகஸருக்கு நேர் எதிரே கறுப்பு வெல்வெட் ஒட்டுங்க. டியூப் வாயில் அதன் விட்டத்தைவிட ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி மாட்டுங்க. பக்கத்து வெளிச்சம் நிறைய குறையும்.

ஆனா இன்னொரு வெளிச்சம் இருக்கு. தூசியிலும் ஈரத்திலும் சிதறி, வானத்திலிருந்தே வர்றது. அது விண்மீன் வர்ற அதே திசையில், நேரா டியூபுக்குள்ள இறங்கும். எந்தப் பெயிண்டும் அதைத் தடுக்காது. பாப்பு மலை தேடிப் போனதுக்குக் காரணம் இதுதான்.

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை இந்தியாவிலேயே செய்யும் வேலையைத் தொடங்கி வைத்தார். அது முடியறதுக்குள்ளே, 1982 ஆகஸ்ட் 19-ல், ஜெர்மனியின் மியூனிக் நகரில் இறந்துபோனார். வயசு 55. 1986-ல் அந்த டெலஸ்கோப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

காவலூரைச் சுத்தியும் ஊர்கள் வளர்ந்துக்கிட்டே இருக்கு. எல்லாரும் எத்தனை மலைக்குத்தான் ஓட முடியும்? டியூபுக்குள்ள வெல்வெட் ஒட்டின கையோட, மாடி விளக்குக்கு மேல ஒரு தகர மூடியும் போடுங்க. வெளிச்சம் தரையில விழட்டும், நடக்கிறவங்களுக்கு அதுதானே வேணும்.