அகஸ்டஸ் டி மார்கன்

அகஸ்டஸ் டி மார்கன் (சூன் 27, 1806 – மார்ச் 18, 1871) மதுரையில் பிறந்த ஆங்கிலேயக் கணிதவியலாளரும் ஏரணவியலாளரும் ஆவார். டி மார்கன் விதிகள் இவர் பெயரால் வழங்குகின்றன. நிலப்படங்களுக்கு நிறமிடும் புகழ்பெற்ற புதிரைக் கணித உலகிற்கு முதலில் எடுத்துச் சென்றவரும் இவரே.

இளமையும் கல்வியும்

இவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அலுவலர். பிறந்த சிறிது காலத்திலேயே டி மார்கன் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1823 இல் கேம்பிரிட்சு டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1827 இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். முதுகலைப் பட்டம் பெறச் சமய உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டியிருந்தது. அதற்கு மறுத்ததால் அங்குப் பணியாற்றும் வாய்ப்பை இழந்தார்.

பணி

சமயச் சோதனை இல்லாத இலண்டன் பல்கலைக்கழகத்தில் (பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி) 1828 இல் தமது 21 ஆம் அகவையில் பேராசிரியரானார். உடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர் நீக்கப்பட்டதை எதிர்த்து 1831 இல் பதவி விலகி, 1836 இல் திரும்பினார். கணிதத் தொகுத்தறிதல் முறைக்கு 1838 இல் பெயரும் வரையறையும் தந்தார். 1847 இல் 'முறைசார் ஏரணம்' நூலை வெளியிட்டார். தில்லிக் கணித ஆசிரியர் இராமச்சந்திராவின் நூல் 1859 இல் இலண்டனில் மறுபதிப்புப் பெற உதவினார்.

நான்கு நிறப் புதிர்

இங்கிலாந்தின் மாவட்டங்களுக்கு நிறமிட்ட பிரான்சிசு கத்ரி, எந்த நிலப்படத்திற்கும் நான்கு நிறங்கள் போதும் என்று கருதினார். பொது எல்லைக்கோடு உடைய பகுதிகள் ஒரே நிறம் பெறக்கூடாது. ஒரு புள்ளியில் மட்டும் தொடுபவை பெறலாம். அவருடைய தம்பி பிரெடரிக், அக்டோபர் 23, 1852 அன்று தம் ஆசிரியர் டி மார்கனிடம் இதற்குக் காரணம் கேட்டார். விடை அறியாத டி மார்கன் அன்றே டப்ளினில் இருந்த ஆமில்டனுக்கு எழுதினார். ஆமில்டன் அதில் ஈடுபட முன்வரவில்லை.

நான்கு பகுதிகள் ஒன்றையொன்று தொட்டால் அவற்றுள் ஒன்று மற்ற மூன்றினால் சூழப்படும் என்பதை டி மார்கன் கண்டார். எனவே ஐந்தாவது பகுதி நான்கையும் தொட இயலாது. எனினும் இது நிறுவல் ஆகாது. ஒரு பகுதியைச் சுற்றி வளையமாக ஐந்து பகுதிகள் அமைந்தால், எந்த நான்கும் ஒன்றையொன்று தொடாவிடினும் நான்கு நிறங்கள் தேவைப்படும். ஆகவே தொடுதலை மட்டும் எண்ணி நிறங்களின் எண்ணிக்கையை முடிவு செய்ய இயலாது.

1879 இல் கெம்பே அளித்த நிறுவலில் 1890 இல் ஈவூடு பிழை கண்டார். 1976 இல் அப்பெல், ஏக்கன் இருவரும் கணினியின் துணையுடன் இதனை நிறுவினர்.

பிற்காலம்

1865 இல் இலண்டன் கணிதக் கழகத்தின் முதல் தலைவரானார். சமயச் சார்பின் காரணமாக ஓர் அறிஞருக்குப் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டதாகக் கருதி 1866 இல் மீண்டும் பதவி விலகினார். அடுத்த ஆண்டு, கழகம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவரான மகன் ஜார்ஜ் இறந்தார். டி மார்கன் 1871 இல் இலண்டனில் காலமானார்.

அகவைப் புதிர்

ஓர் எண்ணின் வர்க்கமாகிய ஆண்டில் தமது அகவை அந்த எண்ணாக இருந்ததென இவர் புதிர் போடுவதுண்டு. விடை 43, 43 இன் வர்க்கம் 1849.